கடைசியாக வந்தவரே தலைவர்

நான் ஒரு நிறுவனத்துக்குத் தலைவரானது ஹவுரா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், கையில் படுக்கைச் சுருட்டோடு, பல்கூடத் தேய்க்காத நிலையில். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை. வேலூர்ப் பக்கத்தில் சிவனே என்று இருந்தவனைத் தொண்ணூறுகளின் நடுவில் கல்கத்தாவுக்குத் தூக்கியடித்திருந்தார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் கிடந்து, காலை வைத்து இறங்கியதுதான் தாமதம், மூன்று பெண்மணிகள் வழிமறித்தார்கள். ஒருவர் கையில் ஃபிளாஸ்க், ஒருவர் கையில் டம்ளர், மூன்றாமவர் கையில் என் பெயர் எழுதிய அட்டை. அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

நான்தான் அது என்று சொன்ன பிறகும் மூவரும் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

“வீட்டம்மா எங்க தம்பி? எந்தப் பெட்டியில வாராவ?” என்றார் ஃபிளாஸ்க் வைத்திருந்தவர்.

“எனக்குக் கல்யாணம் ஆகலைங்க.”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊற்றிய காபியைத் திரும்ப ஃபிளாஸ்க்கிலேயே ஊற்றிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, ஊற்றவில்லை.

அவர்கள் மூவரும் என் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களின் மனைவிமார். காளிகாட் பக்கத்தில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பெயர் எதுவும் நான் சொல்லப்போவதில்லை. அவர்களே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஃபிளாஸ்க்கோடு வந்தவர் திருநெல்வேலி அக்கா. டம்ளர் வைத்திருந்தவர் மதுரை அக்கா. அட்டையைத் தலைகீழாகப் பிடித்தவர் கோயம்புத்தூர் அக்கா. இந்த மூவரும் சேர்ந்து நடத்தியதுதான் மாவு கம்பெனி.

கம்பெனி என்றால் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் இரண்டு கிரைண்டர்கள், அவ்வளவுதான். எனக்கு வெகுகாலம் முன்பு அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்த யாரோ ஒரு அம்மாள் ஊரிலிருந்து கிரைண்டரை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். கணவருக்கு மாற்றல் வந்தபோது அதைத் திரும்பத் தூக்கிச் செல்ல ஆள் கிடைக்கவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்தவர்கள் அதில் இட்லி மாவு ஆட்டி அக்கம்பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு விற்றார்கள். மெல்ல வங்காளிகளும் வாங்கத் தொடங்கினார்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒரு வங்காளிப் பெரியவர், மேஷோமொஷாய் என்று எல்லாரும் கூப்பிடுவோம், இட்லியை மீன் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடுவதாகப் பெருமையாகச் சொல்வார். திருநெல்வேலி அக்கா அதைக் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

இந்தக் கம்பெனிக்கு ஒரே ஒரு நோய். தலைவருக்கு மாற்றல் வந்துவிடும். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கணவருக்கு உத்தரவு வரும், மனைவி மூட்டை கட்டுவார், கம்பெனி தள்ளாடும். ஒரு தடவை துர்கா பூஜை சமயத்தில் தலைவர் கிளம்பிப் போய்விட, ஊறப்போட்ட அரிசி ஊறியபடியே நாறிப்போயிருக்கிறது. அப்போது உட்கார்ந்து யோசித்து ஒரு சட்டம் போட்டார்கள். கடைசியாக வந்தவரே தலைவர். ஏனென்றால் புதிதாக வந்தவருக்குத்தான் இன்னும் முழுசாக மூன்று வருடம் மிச்சம் இருக்கிறது. கேட்கும்போது அறிவார்ந்த ஏற்பாடாகத்தான் தெரியும். யோசித்துப் பார்த்தால்தான், கம்பெனியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆளை வலைபோட்டுப் பிடித்துத் தலைவராக்குகிறார்கள் என்பது புரியும். அப்படி ஓர் ஆளைப் பிடிக்கத்தான் ஹவுராவுக்கு ஃபிளாஸ்க்கோடு வந்திருந்தார்கள்.

“ஆம்பளையைப் போய் எப்படி?” என்றார் மதுரை அக்கா, டாக்ஸியில்.

அப்போதைய தலைவர் கோயம்புத்தூர் அக்கா. எப்போது பதவியை இறக்கி வைப்போம் என்று காத்திருந்தவர். “சட்டம்னா சட்டந்தானுங்க. கல்யாணம் ஆகியிருக்கோணும்னு அதுல எங்கயும் இல்லீங்களே. ஏனுங்க தம்பி, அரிசி ஊறப்போடத் தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க.”

“பாத்தீங்களா? நான் வந்தப்ப எனக்கும் இந்தக் கம்பெனியில ஒண்ணும் தெரியாதுங்க” என்று முடித்துவிட்டார். ஹவுரா பாலத்தைத் தாண்டுவதற்குள் நான் தலைவர். பாலத்தைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

தலைவருக்கு இருந்த ஒரே அதிகாரம், அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்று முடிவுசெய்வது. இட்லி அரிசி கிடைக்காத ஊர். வங்காளிகளின் புழுங்கலரிசியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதற்கு உளுந்து எவ்வளவு என்பதில் மூன்று அக்காக்களுக்கும் மூன்று கட்சி. திருநெல்வேலி அக்காவுக்கு உளுந்து தாராளமாக விழ வேண்டும். கோயம்புத்தூர் அக்காவுக்கு உளுந்தை அள்ளிப் போடுவது ஊதாரித்தனம். மதுரை அக்கா வெந்தயக் கட்சி. யார் தலைவரோ அவர் ஊர் இட்லிதான் மூன்று வருடத்துக்குக் கல்கத்தா சாப்பிடும். அடுத்தவர் வந்தால் ஆட்சி மாறும், மாவும் மாறும்.

என் கெட்ட நேரம், அந்த மாதமே எங்கள் அலுவலகத்தில் தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். டெல்லியிலிருந்து டை கட்டிய நிபுணர் ஒருவர் வந்தார். சிறந்த தலைவன் எல்லார் சொல்லையும் கேட்பான், யாரையும் தோற்கவிட மாட்டான் என்றார். நிறுவனம் நூறு வருடம் நிலைக்க அதுதான் வழியாம். பலகையில் அம்புக்குறியாக வரைந்து தள்ளினார். பக்கத்திலிருந்தவர்கள் எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் இருக்க, நான் ஒருவன்தான் விழுந்து விழுந்து எழுதிக்கொண்டேன். நிர்வகிக்கச் சொந்தமாக ஒரு நிறுவனம் வைத்திருந்தவன் அந்த அறையிலேயே நான் மட்டும்தானே.

மறுநாள் அக்காக்களைக் கூட்டி என் திட்டத்தை அறிவித்தேன். திங்களும் செவ்வாயும் கோயம்புத்தூர் அளவு. புதனும் வியாழனும் திருநெல்வேலி. வெள்ளியும் சனியும் மதுரை. ஞாயிறு கிரைண்டருக்கு ஓய்வு. யாருக்கும் தோல்வி கிடையாது. மூவரும் கைதட்டினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்தில் கம்பெனி ஊர் சிரிக்கும் நிலைக்கு வந்தது. செவ்வாய் வாங்கிய மாவில் இட்லி ஒருவிதமாக உட்காரும், புதன் வாங்கியதில் வேறுவிதமாக எழும். இரண்டையும் கலந்துவிட்டவர்கள் கதி சொல்ல முடியாது. மேஷோமொஷாய் பாத்திரத்தோடு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, “ஆஜ் கார் தின்?” என்று கேட்பார். இன்றைக்கு யாருடைய நாள் என்று அர்த்தம். மதுரை நாள் என்றால் திரும்பிப் போய்விடுவார். மீன் குழம்பில் வெந்தயம் ஒத்துவரவில்லையாம்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் அவள் வந்தாள். காலிப் பாத்திரத்தைக் கிரைண்டர் மூடிமேல் டொங்கென்று வைத்தாள். நான் இரண்டடி பின்வாங்கினேன். காளிகாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் தாத்தா அந்தக் காலத்தில் ஏதோ ஒரு கம்பெனி உத்தியோகத்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். திட்டும் தொனி அதில் வந்ததாக இருக்க வேண்டும்.

“இங்க தலைவர் யாரு?”

“நான்தான்.”

ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்குப் பல்லு முளைச்ச நாள்லேர்ந்து உங்க கம்பெனி மாவுதான் வாங்கறோம். ஒருத்தர் வந்தா இட்லி கல்லு. அடுத்தவர் வந்தா களி. அதையாவது பொறுத்துக்கலாம், மூணு வருஷம் ஒரே மாதிரி கல்லா இருக்கும். நீங்க வந்து புதன்கிழமை ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணுன்னு பண்றேளே, இது என்ன பாகல்தனம்?”

பைத்தியக்காரத்தனத்தைத்தான் அப்படிச் சொன்னாள். நான் நிபுணர் சொன்னதையெல்லாம் விளக்கத் தொடங்கினேன். எல்லார் சொல்லையும் கேட்பது, யாரையும் தோற்கவிடாதது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தூர்!” என்றாள். வங்காளத்தில் அதற்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. ஒன்றுகூட மரியாதையானது இல்லை.

மதுரை அக்காவுக்குச் சுருக்கென்றது. “அம்புட்டுத் தெரிஞ்சா நீயே வந்து ஆட்டும்மா, பாப்போம்” என்றார். வாய்ச் சண்டையில் சொல்வதுதானே, யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வந்து நின்றாள்.

இப்போது சட்டப் பிரச்சினை எழுந்தது. கடைசியாக வந்தவரே தலைவர். கல்கத்தாவிலேயே பிறந்தவளைக் கடைசியாக வந்தவள் என்று எப்படிச் சொல்வது? கோயம்புத்தூர் அக்காதான் தீர்ப்பு சொன்னார். “ஊருக்குக் கடைசியா வந்தவங்கன்னா சட்டம் போட்டிருக்குது? கம்பெனிக்குத்தானுங்களே. இந்தப் பொண்ணுதான் தலைவருங்க.”

அத்தோடு என் பதவி போயிற்று. போனால் போகட்டும் என்று வெளியே சிரித்தேன், உள்ளே எரிந்தது. தெருவில் காய்கறிக்காரர்கூட என்னை “லீடர் தாதா”, அதாவது தலைவர் அண்ணா, என்று கூப்பிட ஆரம்பித்திருந்த நேரம் அது. நான்கு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. ஐந்தாம் நாள் நானே போனேன்.

அதுவரை வேலையைக் கற்றுக்கொண்டிருந்த அவள் தலைவராக முதலில் செய்த காரியம், அக்காக்கள் மூவரையும் வரிசையாக நிறுத்தி, “இன்னிக்கு என்ன அளவு போட்டேள்?” என்று கேட்டதுதான். அன்று வியாழன், திருநெல்வேலி அளவு. “சரி. இனிமே எப்பவும் இதான்” என்றாள்.

“அப்ப உங்க வீட்டு அளவு?” என்று கேட்டேன்.

“எங்க ஆத்துல உளுந்து இன்னும் கம்மி. அதுக்கென்ன இப்போ? ஏதோ ஒண்ணு. மாத்தக்கூடாது, அவ்ளோதான்.”

திருநெல்வேலி அக்கா அன்று முழுவதும் தேர்தலில் ஜெயித்தவர் போல வளைய வந்தார். மற்ற இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. யார் யோசனை சொன்னாலும் கேட்டுக்கொள்வாள், தலையாட்டுவாள், அதே அளவைப் போடுவாள். நிபுணர் பலகையில் எழுதிய தலைமைப் பண்புகளில் ஒன்றுகூட அவளிடம் இல்லை. ஊரை விட்டுப் போக மாட்டாள், அது ஒன்றுதான் இருந்தது. அது போதுமாக இருந்தது. ஆறு மாதத்தில் மேஷோமொஷாய் உள்ளே எட்டிப் பார்ப்பதை நிறுத்தினார். வருவார், பாத்திரத்தை நீட்டுவார், போவார். அடுத்த துர்கா பூஜைக்கு அந்தத் தெருக்காரர்கள் பந்தலுக்குப் பக்கத்தில் தோசைக் கடை போட எங்களிடம் மாவு கேட்டார்கள். மூன்றாவது கிரைண்டர் வாங்கினோம்.

எனக்கும் பதவி ஒன்று மிஞ்சியது. கல்கத்தாவில் குளிர் வந்துவிட்டால் மாவு பொங்காது. ஊருக்கே குளிர் தலைக்கேறிவிடும் காலம். கிழவர் முதல் குழந்தைவரை கழுத்துவரை மூடும் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு திரிவார்கள். அவள் அதில் பெரிய அளவாகப் பார்த்து வாங்கிவந்து மாவு அடுக்குப் பாத்திரங்களுக்குப் போட்டுவிடச் சொன்னாள். அந்தி நேரத்தில் ஒவ்வொரு அடுக்காகக் குல்லாய் மாட்டுவது என் வேலை. அவள் கழுத்துப் பக்கம் நாடாவைக் கட்டுவாள். வரிசையாக முகமில்லாத வங்காளிப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். காலையில் மாவு பொங்கி ஒவ்வொருவருக்கும் முகம் முளைத்திருக்கும். அவள் அதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புக்காகவே நான் விடிகாலையில் எழுந்து ஓடுவேன்.

ஆமாம், அவளைப் பிடித்துவிட்டது. நெஞ்சு நிறையப் பிடித்துவிட்டது. சுற்றி வளைக்காமல் அக்காக்களிடம் போய்ச் சொன்னேன். எனக்கு ஒரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று நான் வந்த நாளிலிருந்து அடித்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்தேன்.

“ஏ தம்பி, கல்கத்தாவுல உமக்கு வேற பொண்ணே கிடைக்கலையா?” என்று அலறினார் திருநெல்வேலி அக்கா. “இத்தனை வருசத்துக்குப் பொறவு டிரான்ஸ்பர் ஆவாத ஒரு பிள்ளை இப்பத்தான் கம்பெனிக்குக் கிடைச்சிருக்கு. நீரு தாலியக் கட்டுனா அவளும் டிரான்ஸ்பர் ஆயிருவாள்லா? கம்பெனிய மூடிட்டுத்தான் கல்யாணம் பண்ணணுமாக்கும்?”

“வேற யாரை வேணும்னாலும் கட்டிக்கங்க தம்பி. நாங்களே பாத்துத் தாறோம்” என்றார் மதுரை அக்கா.

சொன்னபடியே பார்த்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று மாவட்டங்களிலிருந்தும் பெண்களின் போட்டோக்கள் தபாலில் வந்து குவிந்தன. கோயம்புத்தூர் அக்கா ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டி, “பாருங்க கண்ணு, எம்புட்டு லட்சணம், கிரைண்டர்னாலே ஆகாதுங்க இதுக்கு” என்று சிபாரிசு செய்தார். அதாவது எவளை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், கம்பெனிக்கு உபயோகமில்லாதவளாக இருந்தால் போதும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த வயதில் மாவுக்குப் போட்டியாளனாக நிற்கிறேனே என்று அழுகையும் வந்தது. ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. அவளைக் கட்டினால் கம்பெனி போகும். கம்பெனி நிலைக்க வேண்டுமென்றால் அவளைக் கட்டக்கூடாது. இதற்கு அம்புக்குறி போட்டு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதற்கு நடுவில் மதுரை அக்காவின் கணவருக்கு நாக்பூருக்கு உத்தரவு வந்தது. வழியனுப்ப எல்லாரும் ஹவுராவுக்குப் போனோம். மதுரை அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒவ்வொருவர் கன்னத்தையும் தடவி அழுதார். அழுகைக்கு நடுவே, “வெந்தயம் கொஞ்சமாச்சும் போடலாம்மா” என்றார். அவள் தலையாட்டினாள். ஆனால் ரயில் நகரும் முன்பே திரும்பிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டாள். நாங்கள் கையாட்டிக்கொண்டிருந்தபோது அவளைக் காணோம்.

படகுத்துறையில் பிடித்தேன். மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள். நாங்கள் இருவரும் ஹூக்ளியில் படகேறினோம். நடு ஆற்றில், காற்றில் பாதி வார்த்தை போக, கேட்டுவிட்டேன். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்ன வயசுல எனக்கு இருந்த தமிழ் சிநேகிதி எல்லாரும் மூணு வருஷ சிநேகிதிகள்தான்” என்றாள். “உங்க குவார்ட்டர்ஸ் பசங்கதானே எல்லாம். வருவா, ஒட்டிண்டு திரிவா. திடீர்னு ஒருநாள் சாமானெல்லாம் வெளியில கெடக்கும். அழுதுண்டே ஹவுராவுக்குப் போவேன். லெட்டர் போடறேம்பா. வண்டி சாந்த்ராகாச்சி ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள மறந்துடுவா. அப்புறம் புதுசா ஒருத்தி வருவா. பத்து வயசுக்கு மேல நான் யாரையும் சேர்த்துக்கலை.”

“நான் போக மாட்டேன்.”

“எல்லாரும் இதையேதான் சொன்னா.” படகு கரையை முட்டியது. “உங்களைப் பிடிக்கலைன்னு நான் சொல்லலை. ஆனா கம்பெனியை விட்டுட்டு வரமாட்டேன். இன்னொரு தடவை பிளாட்பாரத்துல நின்னு கையாட்டவும் என்னால முடியாது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பிடிக்கவில்லை என்று சொல்லவில்லையே என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் அன்று வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த கோடையில் எனக்கே உத்தரவு வந்தது. பதவி உயர்வு, கூடவே கௌகாத்திக்கு மாற்றல். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் பழைய நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி வங்காளி, நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பரிவாகக் கேட்டார். இல்லை, இட்லி மாவு விஷயம் என்றேன். அவர் ஹோமியோபதி டாக்டர் ஒருவருடைய விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். “ஓகோ” என்றாள். “இந்த வருஷம் வேண்டாம்னேள். அடுத்த வருஷம் வந்தா?”

“அப்பவும் வேண்டாம்னு சொல்லுவேன்.”

“பார்க்கலாம்” என்று கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் அதற்குமேல் காதல் பேச முடியாது.

அடுத்த வருடமும் வந்தது, அப்போதும் வேண்டாமென்றேன். எனக்குக் கீழே இருந்தவன் எனக்கு மேலே போய் உட்கார்ந்து என்னை விளக்கம் கேட்டான். கோயம்புத்தூர் அக்கா போனார். புதிதாகச் சேலத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் அக்காக்கள் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரும் உளுந்தில் கைவைக்கப் பார்த்தார்கள், அவள் தலையாட்டினாள், அதே அளவைப் போட்டாள். கடைசியாக வந்தவரே தலைவர் என்ற சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. மறந்தேவிட்டார்கள். நூற்றாண்டு மாறியது. கல்கத்தா என்ற ஊரின் பெயரையே கொல்கத்தா என்று மாற்றினார்கள். எங்கள் மாவின் அளவு மட்டும் மாறவில்லை. நானும் அதே நாற்காலியில் இருந்தேன். அவள் பார்க்கலாம் என்றதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் யார் யாரையோ பிடித்து மாற்றலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில், திருநெல்வேலி அக்கா ஒருவர்தான் பழையவர்களில் மிச்சம். அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “ஏட்டி, அவரு மாவு மாரி காத்துக் கெடக்காரு, நீ என்னத்தப் பாத்துக்கிட்டிருக்க?” என்று என் முன்னாலேயே அவளைக் கேட்டார். அதற்கும் அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத்தான் தெரியுமே.

அதற்கடுத்த மே மாதம். எங்கள் குவார்ட்டர்ஸில் மே என்றால் லாரிகளின் மாதம். எந்த வாசலைப் பார்த்தாலும் சாக்குப் பையில் கட்டிய சாமான்கள். திருநெல்வேலி அக்கா வீட்டிலும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் என் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்துவிட்டது. பல வருடமாக எழுதிப் போட்டு, நான் நம்பிக்கை இழந்த பிறகு வந்த ஆள். திருப்பி அனுப்ப முடியுமா? பெட்டி, படுக்கை, கட்டில், ஸ்டவ் எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டி வராந்தாவில் வைத்தேன். தூசி வெளியே வராமலிருக்கக் கதவைச் சாத்தினோம். சுண்ணாம்புக்காரருக்குத் தேநீர் வாங்கிவர நான் கீழே போனேன்.

கடைக்காரர் பேச்சுக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கெட்டிலும் மண் குவளைகளுமாக மாடி ஏறி வந்தால், என் டிரங்குப் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் மாவுக் கரண்டி. மாவு சொட்டிக்கொண்டிருந்தது. கிரைண்டர் ஒன்று நின்றுவிட்டதென்று என்னைக் கூப்பிட வந்திருக்கிறாள். கட்டிவைத்த சாமானையும் சாத்திய கதவையும் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்து, மூக்கு ஒழுகி, பார்க்கச் சகிக்கவில்லை. 

என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். கோபம் உச்சத்துக்குப் போனால் அவளுக்குத் தமிழ் போதாது. “மித்யேபாதி!” என்று கத்தினாள். பொய்யன் என்றாள். சொல்லாமல்கொள்ளாமல் ஓடப் பார்த்தாயா என்றாள். இன்னும் என்னென்னவோ வங்காளத்தில் சொன்னாள். பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியை எழுத முடியாது. கரண்டியால் தோளில் ஒரு அடியும் விழுந்தது. நான் கெட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “சுண்ணாம்பு, சுண்ணாம்பு” என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அப்போது கதவு திறந்தது. தலை முதல் கால்வரை வெள்ளையாக, கையில் வெள்ளையடிக்கும் மட்டையோடு சுண்ணாம்புக்காரர் வெளியே வந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார்.

“தீதி, சா காபேன்?” என்றார் மரியாதையாக. அக்கா, தேநீர் குடிக்கிறீர்களா என்று.

அவள் திறந்த கதவு வழியாகப் பாதி வெள்ளையடித்த சுவரைப் பார்த்தாள்.  பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். நான் குவளையில் ஊற்றிக் கொடுத்தேன். அவசரத்தில் பாதி பெட்டிமேல் கொட்டியது. அந்தப் பெட்டியிலேயே நகர்ந்து எனக்கும் இடம் விட்டாள். மூன்று பேரும் தேநீர் குடித்தோம்.

“இனிமே சாமானை வெளியில எடுத்து வைக்கறதா இருந்தா என்னைக் கேட்டுண்டு வையுங்கோ” என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

“உன்னை எதுக்குக் கேக்கணும்?”

“என் சாமானும் இருக்குமில்லையோ அதுல.”

நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத சுண்ணாம்புக்காரர் எனக்கு முன்பே புரிந்துகொண்டு, மட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.